மணிக்கட்டு நாடி

கயிறு சரியாகத்தான் கட்டப்பட்டிருந்தது. அதைப் பற்றிப் பின்னால் யாரும் குறை சொல்லவில்லை.

சங்ககிரி புறவழிச் சாலையோரம் இரும்புத் தகடு ஏற்றிய லாரி நின்றிருந்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதற்குள் மேலே இருந்த தகடு ஒன்று சரிந்தது. கீழே நின்ற லோடுமேன் மதனின் தொடையைக் கிழித்துக்கொண்டு தரையில் குத்தி நின்றது. டிரைவர் மருதாசலம் தார்ப்பாய்க் கயிற்றை எடுத்தார். கிழிசலுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் கட்டையைக் கொடுத்து முறுக்கி முடிச்சுப் போட்டார். ஆயுசெல்லாம் பாரம் கட்டிய கை. ரத்தம் நின்றது. வழியே வந்த சின்ன யானைச் சரக்கு வண்டியை மறித்து, பின்னால் மதனைக் கிடத்தி, ஊருக்குள் இருந்த சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

வந்து சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

பாரம் போய்ச் சேர்ந்தால் கயிற்றை அவிழ்ப்பார்கள். அவர் கைக்கு அது தெரியும். ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது கட்டை எதிலோ இடித்தது. கை தானாகப் போய் முடிச்சைச் சுண்டியது. லாரி முடிச்சு எவ்வளவு இறுகினாலும் ஒரு சுண்டில் அவிழும்படி போடப்படுவது.

நர்ஸ் அறிவுச்செல்வி வாசலுக்கு ஓடி வந்தபோது சிமெண்டுத் தரையில் ரத்தம் சரிவு பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. மதனின் கண்கள் திறந்திருந்தன. என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்ப்பவனைப் போலப் படுத்திருந்தான்.

“யாருங்க இதை அவுத்தது?”

மருதாசலத்தின் கையில் கயிறு இருந்தது. 

அறிவுச்செல்வி ஸ்ட்ரெச்சரின் மேல் ஒரு காலை மடித்து ஏறி, இரண்டு முஷ்டிகளையும் தொடை இடுக்கில் ஊன்றித் தன் எடையை இறக்கினாள். பீறிட்டது கசிவாகக் குறைந்தது.

“கயித்தை மறுபடி கட்டுங்கண்ணா. முன்ன கட்டுன எடத்துலயே.”

“கை நடுங்குதுங் அம்மிணி.”

“நடுங்கட்டும். கட்டுங்க.”

கட்டினார். அதற்குள் போன ரத்தம் போய்விட்டிருந்தது.

டியூட்டி டாக்டர் அனிதா வந்து காயத்துக்குள் துணியை அடைத்து அழுத்தினார். அறிவுச்செல்வி மதனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். விரலை மாற்றி வைத்தாள். இன்னொரு கையில் பார்த்தாள். கழுத்தில் மட்டும் நாடி இருந்தது. நூல் மாதிரி, அவசரமாக.

“மணிக்கட்டுல ரேடியல் நாடி கிடைக்கல டாக்டர்.”

“ரெண்டு கையிலயும் ஊசி போடுங்கக்கா. முதல்ல குரூப் பாக்க, கிராஸ் மேட்ச்சுக்கு ரத்தம் எடுத்துடுங்க. அப்புறம்தான் எதுவா இருந்தாலும்.”

நரம்பு சுருங்கிப் போயிருந்தது. முழங்கை மடிப்பில் தடவித் தடவி, பெரிய ஊசியை முதல் குத்திலேயே ஏற்றினாள். கொஞ்சம் ரத்தத்தைக் குழாயில் எடுத்துப் பெயரெழுதி ஒட்டிய பிறகு இரண்டு பக்கமும் சலைன் பாட்டிலைத் திறந்துவிட்டாள். டாக்டர் ஒரு கையால் காயத்தை அழுத்திக்கொண்டே மறு கையில் போனைப் பிடித்து, சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிடம் பேசினார். ரத்தக்குழாய் தைக்கிற சர்ஜன் அங்கே இருந்தார். யாருக்கும் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ் ரத்தமும் அங்கே இருந்தது. சங்ககிரியில் இரண்டும் இல்லை.

அவன் சேலம் வரை உயிரோடு போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து முத்தாயம்மாள் குரல் கொடுத்தாள். “சிஸ்டரு, என்ற பாட்டல் நின்னு போச்சு! சித்த வந்து பாருங்க.”

“நிக்கட்டும், படுங்க!”

முத்தாயம்மாளுக்கு நோய் எதுவும் கிடையாது. கடலைக்காட்டில் வெயிலில் நின்றுவிட்டு, மேல்வலி என்று வந்து குளுக்கோஸ் போடச் சொல்வாள். சங்ககிரியைச் சுற்றி அப்படி நூறு பேர். அலுப்பாக இருந்தாலும் பாட்டில், மகன் பேசவில்லை என்றாலும் பாட்டில். போடாவிட்டால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போட்டுக்கொண்டு, திரும்பி வரும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். அறிவுச்செல்விக்கு ஊரில் பாட்டல் சிஸ்டர் என்று பெயர். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது பழகிவிட்டது.

அவள் ராசிபுரத்துக்காரி. வீட்டில் தறி ஓடிய சத்தத்திலேயே வளர்ந்ததால் இன்றும் சத்தமாகத்தான் பேசுவாள். நர்சிங் படித்துவிட்டுச் சேலத்தில் சில வருடம் வேலை பார்த்தாள். போர்வெல் ரிக் டிரைவர் வெங்கடாசலத்தைக் கட்டிக்கொண்டு சங்ககிரிக்கு வந்தாள். அவர் வருடத்தில் முக்கால்வாசி சத்தீஸ்கரிலோ ராஜஸ்தானிலோ பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். போனில் பேச்சு நீளாது. “இன்னைக்குப் பாறையா, மண்ணா?” என்று கேட்பாள். “பாறை” என்பார். “சாப்டீங்களா?” “ஆச்சு.” மண் கிடைத்த நாளில் இன்னும் இரண்டு வார்த்தை சேரும்.

சேலத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பஸ் விபத்து. வெளுத்துப்போய், பெயர் சொல்லக்கூட முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு மூத்த சிஸ்டர் ஒரு மஞ்சள் நிறப் பாட்டிலை ஏற்றினாள். பிளாஸ்மா எக்ஸ்பாண்டர். பாட்டில் பாதி இறங்குவதற்குள் அந்தப் பெண் கண்ணைத் திறந்து, “என்ற செருப்பு எங்க?” என்று கேட்டாள். அன்றிலிருந்து அறிவுச்செல்விக்கு அந்தப் பாட்டில் மீது ஒரு நம்பிக்கை. அதைத் தெய்வ நம்பிக்கை என்றுகூடச் சொல்லலாம். சலைன் ரத்தக்குழாயில் தங்காமல் வெளியே கசிந்துவிடும். இது உள்ளேயே கொஞ்ச நேரம் நிற்கும். சங்ககிரிக்கு வந்த பிறகும் மருந்துக்கடைக்காரரோடு சண்டை போட்டு, அந்த மருந்தில் இரண்டு பை எப்போதும் அலமாரியில் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். தேதி முடிவதற்குள் சேலத்தில் தெரிந்தவர்களிடம் கொடுத்துப் புதிதாக மாற்றி வருவாள். மாரியம்மன் கோயிலுக்கு எண்ணெய் கொண்டுபோகிற மாதிரி, தவறாமல்.

டாக்டர் அனிதாவுக்கு அந்த அளவு பக்தி இல்லை. “அது ரத்தம் இல்லக்கா,” என்று ஒருமுறை சொன்னார். “பஸ்சுல துண்டு போட்டு எடம் புடிக்கற மாதிரி. ஆள் வந்து உக்கார்ற வரைக்கும்தான் துண்டு. துண்டே ஊருக்குப் போயிடாது.” இப்போது எல்லோரும் சலைன், ஆர்.எல். மாதிரி உப்புநீரைத்தான் முதலில் ஏற்றுகிறார்கள், சீக்கிரம் ரத்தத்துக்குப் போகிறார்கள், இதைத் தொடுவது குறைந்துவிட்டது என்றும் சொன்னார். அறிவுச்செல்வி தலையாட்டிக் கேட்டாள். அலமாரியிலிருந்து பைகளை எடுக்கவில்லை.

இன்று இரண்டு சலைன் பாட்டில் முழுதாக இறங்கியும் மணிக்கட்டு ஊமையாகவே இருந்தது. டாக்டர் அவளைப் பார்த்தார்.

“உங்க எக்ஸ்பாண்டரை எடுத்துட்டு வாங்கக்கா. ஒரு பக்கம் அதைப் போடலாம். வண்டியிலயே ஓடட்டும்.”

ஆஸ்பத்திரி வேன் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. வேறு டாக்டர் இல்லாததால் அனிதா வர முடியாது. வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“மணிக்கட்டுல நாடி கெடைச்சாப் போதும். அதுக்கு மேல ஏத்தாதீங்க. பிரஷர் கூடுனா அடைச்சது பிச்சுக்கும். இந்தப் பை சிலருக்கு ஒத்துக்காது. தடிப்பு, இழுப்பு, எது வந்தாலும் உடனே நிறுத்திடணும். யோசிக்கவே கூடாது. அதுக்கு அட்ரினலின் ஊசி உங்க டிரேல இருக்கு. எனக்குப் போன் பண்ணுங்க.”

“சரிங்க டாக்டர்.”

மருதாசலம் யாரையும் கேட்காமல் பின்னால் ஏறிக்கொண்டார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக் காயத்தின் துணிமேல் வைத்தார். “இதை அழுத்திப் பிடிங்க. என்ன ஆனாலும் எடுக்கக் கூடாது.” மருதாசலம் அதற்குமேல் அந்தக் கையைப் பார்க்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன் நாற்கரச் சாலையில் ஏறியது. வெளியே பங்குனி வெயில். அறிவுச்செல்வி ஒரு கையால் மேலே ஆடும் பைகளைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களை மதனின் மணிக்கட்டில் வைத்திருந்தாள். ஒரு பக்கம் ஆர்.எல்., மறுபக்கம் மஞ்சள் திரவம்.

“அக்கா,” என்றான் மதன். உதடு சுண்ணாம்பு மாதிரி இருந்தது. “தண்ணி.”

“குடுக்கக் கூடாது சாமி. ஆபரேசன் இருக்குது.”

“அத்தனை பாட்டல் தண்ணி உள்ள போவுது. தொண்டைப் பக்கம் ஒண்ணும் வர மாட்டேங்குதே.”

“வரும் வரும். பேசிட்டே இரு. கல்யாணம் ஆயிருச்சா?”

“ஆயிருச்சுங்க. ஷாலினி.” உதட்டை நக்கிக்கொண்டு, “அவளுக்குச் சொல்லாதீங்க. திட்டுவா.”

“ஏன் திட்டறா?”

“தகட்டு லோடுக்குப் போவாதன்னா. போன வாரமே.”

“நல்லாத் திட்டட்டும். நானும் கூடச் சேர்ந்து திட்டறேன்.”

அவன் சிரிக்க முயன்ற மாதிரி இருந்தது. பிறகு கண்ணை மூடினான். “வைகுந்தம் வந்துருச்சாக்கா?”

வழியில் இருக்கிற டோல்கேட் ஊரைத்தான் கேட்டான். லாரிக்காரர்கள் எல்லோரும் போகிற வழி. ஆனாலும் மருதாசலத்தின் தோள் குலுங்கியது.

“உன்னை அங்கெல்லாம் எறக்கி உட மாட்டோம். கண்ணத் தொற, தம்பி!”

அப்போதுதான் விரலுக்கடியில் ஏதோ தட்டியது. அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். பயத்தில் தன் விரல் நுனியில் துடிப்பது தன் நாடியாகவே இருக்கலாம். பைகளை விட்டுவிட்டுத் தன் கழுத்தில் மறு கை வைத்து ஒப்பிட்டாள். இரண்டும் வேறு. இது வேகமாக, மெலிதாக. ஆனால் மதனுடையது.

“வந்துருச்சு,” என்றாள்.

“என்னங் அம்மிணி?”

“நாடி வந்துருச்சுங்க. எக்ஸ்பாண்டர் புடிச்சுருச்சு.” குரலில் பெருமை இருந்தது. இத்தனை வருடம் அலமாரியில் வைத்துக் காத்த பொருள். ஓட்டத்தைச் சற்றுக் குறைத்தாள். மதனின் நெற்றியைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். சட்டை பிய்ந்து கிடந்த மார்பையும் துடைத்தாள்.

கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு சிவப்பு. காசு அளவு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

வெயிலாக இருக்கும் என்று நினைத்தாள். அந்த ஆள் காலையிலிருந்து வெயிலில் நின்றவன். இல்லாவிட்டால் தார்ப்பாய்த் தூசி. இப்போதுதான் நாடி வந்திருக்கிறது. இந்தப் பையை மூடினால் நாடி போய்விடும். சேலத்துக்கு இன்னும் பாதி வழி இருக்கிறது. கொஞ்சம் பார்ப்போம். விரல் குழாயின் ஓட்டத்தை அடைக்கும் சக்கரத்தின் மேல் இருந்தது, திருப்பவில்லை.

மருதாசலம்தான் சொன்னார். “ஏனுங் அம்மிணி, இவன் மேலெல்லாம் தட்டை தட்டையா எந்திரிக்குதே.”

வயிற்றிலும் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலாப்பக்கம் புதிதாகத் தடித்தது. மதன் மூச்சு இழுத்தபோது உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. துருப்பிடித்த கதவு திறக்கிற சத்தம்.

சக்கரத்தை மூடினாள். ஊசியை மட்டும் கையில் விட்டுவிட்டுப் பையை, குழாயை, எல்லாவற்றையும் பிடுங்கித் தரையில் எறிந்தாள். போனில் டாக்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

“டாக்டர், தடிப்பு. இழுப்பும் இருக்குது. நிறுத்திட்டேன்.”

“அட்ரினலின் போடுங்க. நல்ல தொடையில, சதையில. ஆக்சிஜனைக் கூட்டுங்க. புது ட்யூப் செட் மாத்தி ரெண்டு கையிலயும் ஆர்.எல். முழுசா தொறந்து உடுங்க. நாடி?”

அவள் மணிக்கட்டைத் தொட்டாள். “இல்ல.”

“கழுத்து?”

“இருக்குது. இருக்குதுன்னுதான் நெனைக்கிறேன்.”

“அக்கா. நெனைக்காதீங்க, பாருங்க.”

“இருக்குது.”

ஊசி மருந்தை உறிஞ்சும்போது வேன் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. ஊசி அவள் பெருவிரலைக் கீறியது. வேறு ஊசியை மாட்டி மதனின் இடது தொடையில் செலுத்தினாள். புதுப் பைகளை மாட்டினாள். மேலே தொங்கிய பையிலிருந்து திரவம் போதுமான வேகத்தில் இறங்கவில்லை.

“அண்ணா, ஒரு கையில காயத்தைப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையில இந்தப் பையை அமுக்க முடியுமா? மாடு கறக்கற மாதிரி வேண்டாம். ஒரே புடியா, உடாம.”

மருதாசலம் பையை வாங்கி முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் வைத்து நெரித்தார். குழாயில் திரவம் கோடாக ஓடியது. அவர் கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

“டேய் மதனு,” என்றார். வேனில் ஏறிய பிறகு மதனைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு அது. “டேய், என்றா இப்படிப் பண்ற. நாளைக்கு யார்றா தார்ப்பாய் போடறது. எந்திரிடா. என்னத் திட்டறதுக்காச்சும் எந்திரிடா.”

மதனின் தலை வேனின் ஆட்டத்துக்கேற்ப ஆடியது. ஆக்சிஜன் முகமூடிக்குள் விசில் சத்தம் நீண்டது, நின்றது, மறுபடி நீண்டது. அறிவுச்செல்வி அதைக் கேட்பதை நிறுத்த முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். யோசிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைத்தான் அவள் செய்யத் தவறினாள். யோசித்தாள். எதற்காக யோசித்தோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அவனுக்காகக் கொஞ்சம், அந்தப் பைக்காக மீதி.

முன்னாலிருந்து வேன் டிரைவர் கத்தினார். “கொண்டலாம்பட்டி வந்தாச்சுங்க, இனி சேலம்தான்!”

சைரன் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் குறைந்திருந்தது. விசில் மெலிந்துவிட்டது. அவள் முகமூடியின் மேல் காதை வைத்தாள். காற்று போய் வந்தது. மணிக்கட்டில் விரலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. 

சேலம் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஸ்ட்ரெச்சர் உருளும்போதே அவளும் கூட ஓடிக்கொண்டு சொன்னாள். என்ன காயம், எவ்வளவு ஏற்றியது, என்ன மருந்து கொடுத்தது. தயாராக இருந்த ரத்தப் பையை ஒரு பெண் மாட்ட வந்தபோது, “வலது கை வேண்டாம், எக்ஸ்பாண்டர் போன ஊசி. அதுல கால்சியம் அதிகம். ரத்தம் உறைஞ்சுக்கும். இடது கையில போடுங்க,” என்றாள். அந்தப் பெண் அதற்கு முன்பே இடது பக்கம் போய்விட்டிருந்தாள்.

கேஷுவாலிட்டி டாக்டர் மதனின் மார்பைப் பார்த்தார். “ரியாக்‌ஷன் எப்ப தெரிஞ்சுது?”

“வைகுந்தம் தாண்டி.”

“தெரிஞ்ச உடனே நிறுத்துனீங்களா?”

“இல்லைங்க. கொஞ்சம் போயிருச்சு. வெயில்னு நெனைச்சேன்.”

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். சிவப்புத் திரவம் குழாயில் இறங்கத் தொடங்கியது. ஒரு பை. இரண்டாவது பை. குழாயில் கொண்டுவந்த மாதிரியைப் பார்த்து அவன் வகை ரத்தமும் வந்து சேர்ந்தது. யாரோ அவளைத் தோளில் தொட்டு நகர்த்தினார்கள். ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குள் போனது.

வராந்தாவில் மருதாசலம் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரின் உடையிலும் ஒரே கறை. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

“ஊட்டுக்குப் போகலீங்களா அம்மிணி?”

“போலாமுங்க.”

போகவில்லை. கணவரிடமிருந்து போன் வந்தது. எடுத்தாள். பாறையா மண்ணா என்று கேட்கத் தோன்றவில்லை. “சேலத்துல இருக்கறேன். அப்பறம் பேசறேன்,” என்றாள். அவர் என்ன ஏது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

மருதாசலம் இடையில் ஒருமுறை கேட்டார். “நீங்க அந்தப் பையை மூடறதுக்குக் கொஞ்சம் நேரமாச்சே. எதுக்குங்க?”

அவர் குற்றம் சாட்டவில்லை. தன் கை கயிற்றை அவிழ்த்ததைப் போல வேறு யாருக்காவது ஆகுமா என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். அவளுக்கு அது புரிந்தது.

“நல்லது பண்ணிட்டிருந்துச்சுங்க. அதான்.”

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். 

வெளியே வெளிச்சம் மஞ்சளானபோது சர்ஜன் வந்தார். களைத்திருந்தார். மறு காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து வைத்துத் தைத்திருப்பதாகச் சொன்னார். அலர்ஜி அடங்கிவிட்டது. பிரஷர் நிற்கிறது. காலைப் பற்றி இரண்டு நாள் கழித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். “நீங்கதான கூட வந்த சிஸ்டர்? வந்து பாருங்க,” என்றார்.

உள்ளே மதன் மயக்கத்தில் கிடந்தான். குழாய்களும் கட்டுமாக இருந்தான். முகத்தில் இன்னும் நிறம் வரவில்லை. மார்பில் தடிப்பு இருந்த இடங்கள் வெறும் தோலாகிவிட்டிருந்தன. எந்த இடம் என்றுகூட அவளால் காட்ட முடியாது. மணிக்கட்டை அவள் தொடவில்லை. அந்த நாடியைத் தலைமாட்டில் மானிட்டர் பெட்டி காட்டிக்கொண்டிருந்தது. கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கி, வலது பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

இரண்டு விரலால் நாடியைத் தேடினாள். பெருவிரலுக்கு நேரே, எலும்புக்குப் பக்கத்தில். முதலில் ஒன்றுமில்லை. அழுத்தத்தைக் குறைத்தாள். தட்டியது. அங்கே நின்ற நர்ஸ் பொறுமையாக இருந்துவிட்டு, “நேரமாச்சுங்க சிஸ்டர்,” என்றாள். அவள் பாதத்தை மூடிவிட்டு வந்தாள்.

மருதாசலம் எழுந்து நின்றார்.

“பாதம் சூடா இருக்குதுங்கண்ணா.”

“அப்படின்னா?”

“இப்போதைக்கு ரத்தம் கீழ வரைக்கும் போவுது. ஆள் இருக்கறான். நாளைக்குப் பேசுவான்.”

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். திரையைத் துடைத்தார். விரலில் காய்ந்திருந்த ரத்தத்துக்கு அது திறக்கவில்லை. அவள் வாங்கித் திறந்து கொடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண் குரல் கேட்டது. மதன் ஏன் போனை எடுக்கவில்லை, எங்கே லோடு, சாப்பாட்டுக்கு வருவானா மாட்டானா என்று மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டு போனது. மருதாசலம் அது முடியும்வரை காத்திருந்தார்.

“ஷாலினி,” என்றார். “நான் மருதாசலம் பேசறஞ்சாமி. முதல்ல உக்காரு. உக்காந்துட்டியா? மதன் இருக்கறான்.”